மண்ணின் புளிப்பையும் நீரின் காரத்தன்மையையும் பிழையின்றி அளத்தல்

(குருவிட்டவில் நெல், மரக்கறிச் செய்கையாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றிற் போடுவதையே அளந்து போட வேண்டுமாயின், வயலிலும் தோட்டத்திலும் போடுவதை எத்துணைக் கவனத்தோடு அளத்தல் வேண்டும்! பசளையை நிறுத்து இடுகிறோம். விதையை அளந்து விதைக்கிறோம். ஆயின் மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் பலர் கண்ணாற் பார்த்தே முடிவு செய்துவிடுகின்றனர். வேறு சிலர் சோதித்துப் பார்க்கின்றனர். ஆனால் சோதனையில் வந்த எண் சரியானதுதானா என்று ஒருமுறையேனும் ஐயுறுவதில்லை. இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. சோதிப்பது எப்படி என்பதைவிட, சோதனையின் முடிவை நம்பலாமா என்று அறிவது எப்படி என்பதையே முதன்மையாகக் கூற விரும்புகிறேன்.

இதனைப் பிறர்மேற் குறை கூறும் நோக்குடன் சொல்ல வரவில்லை. குறை என்னிடமே நேர்ந்தது. நான் பணியிற் சேர்ந்த புதிதில், தோட்ட லயமொன்றின் பின்புறத்தே பயிற்றை பயிரிட்டிருந்த முதியவர் ஒருவர், மண்ணைச் சோதித்துத் தரும்படி கேட்டார். மாலை நேரம், மழை வரும் போல இருந்தது. நடைபாதைக்கு அண்மையிலிருந்த மூலையில் ஒரு பிடி மண்ணை எடுத்தேன். குழாய் நீரிற் கரைத்தேன். மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் நிறத்தைப் பார்த்தேன். எண் 7க்கு அண்மையில் வந்தது. "மண் நல்ல நிலையில் இருக்கிறது; சுண்ணாம்புச் செலவு வேண்டாம்; பசளையை மட்டும் வாங்கி இடுங்கள்" என்று கூறிவிட்டு வந்தேன். மனைவியின் தோட்டை அடகு வைத்து அவர் பசளை வாங்கினார். பயிற்றைக் கொடி முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாக, முடிச்சின்றி இருந்தது.

பின்னர் பாத்தி முழுவதிலும் பன்னிரண்டு இடங்களில் மண்ணெடுத்துச் சோதித்தபோது வந்த எண் 4.6. முதன்முறை நான் மண்ணெடுத்த மூலையோ, பல ஆண்டுகளாக அடுப்புச் சாம்பலைக் கொட்டிவந்த இடம்! விறகுச் சாம்பல் காரமுடையது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அம்முதியவர் கோபிக்கவில்லை. "ஐயா, நீங்க மண்ணைப் பார்த்தீங்களா, சாம்பலைப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியை நான் இன்றளவும் மறக்கவில்லை. அதற்கு விடை கூறும் முயற்சியே இவ்வுரை.

நம் பகுதி மண் புளிப்பது ஏன்?

குருவிட்ட, இரத்தினபுரிப் பகுதிகளில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. சிவனொளிபாத மலைச் சாரலிலிருந்து இறங்கும் குரு கங்கை, களு கங்கையோடு கலக்கும்போது எத்தனை கலங்கலாக ஓடுகிறதென்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். மண்ணிலுள்ள கல்சியம், மகனீசியம் ஆகிய காரப் பொருள்களை இம்மழை நூற்றாண்டு நூற்றாண்டாகக் கழுவிக் கொண்டுபோயிற்று. எஞ்சி நிற்பவை பெரும்பாலும் இரும்பும் அலுமினியமுமே. நம் மேட்டு நிலங்களின் சிவப்பு மஞ்சள் பொட்சோலிக் மண் இவ்வாறு புளித்த மண்ணாகும். யூரியா, அமோனியம் சல்பேற்று முதலிய பசளைகளும் காலப்போக்கில் இப்புளிப்பை மிகுவிக்கும்.

தேயிலைக்கு இப்புளிப்பு உகந்தது. 4.5 முதல் 5.5 வரையிலான மண்ணில் அது செழிக்கும். மரக்கறிப் பயிர்களிற் பல 5.5 முதல் 6.8 வரையிலான மண்ணையே விரும்புவன. மண் மிகவும் புளித்தால் அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். நாம் இடும் பொசுபரசுப் பசளை இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து பயிருக்குக் கிட்டாமற் போகும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மூட்டைப் பசளையின் அருமை அன்று நமக்கு நன்கு விளங்கிற்று. அத்தகைய பசளையைப் புளித்த மண்ணில் இட்டு வீணாக்குதல் தகுமா?

எண் கூறுவது யாது?

மண்ணின் புளிப்பைப் பி.எச். என்னும் எண்ணாற் குறிக்கிறோம். 1909ஆம் ஆண்டில் கோபனேகன் நகரத்துக் காள்சுபேர்க் ஆய்வுகூடத்தில் சோரென்சென் என்னும் அறிஞர் வகுத்த அளவுமுறை இது. 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்காகும். அதாவது 5 என்னும் மண், 6 என்னும் மண்ணைவிடப் பத்து மடங்கு புளித்தது. 0.3 அளவே வேறுபட்டாலும் புளிப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். ஆகவே "சிறிது முன்பின் இருந்தால் என்ன?" என்று எண்ணுவது பெரும் பிழை.

இன்னொன்றையும் உளங்கொள்ளல் வேண்டும். ஒரு கிண்ணம் புளிக்கரைசலும் ஓர் அண்டாப் புளிக்கரைசலும் நாவுக்கு ஒரே புளிப்பாகவே தோன்றும். ஆயின் புளிப்பை மாற்ற வேண்டிய வெல்லத்தின் அளவு ஒன்றாகுமா? அதுபோலவே மணற்பாங்கான மண்ணும் களிமண்ணும் 5 என்னும் ஒரே எண்ணைக் காட்டலாம். களிமண்ணோ தன்னுள் மிகுந்த புளிப்பை இருப்பாக வைத்துள்ளது. அதனைத் திருத்த மிகுந்த சுண்ணாம்பு வேண்டும். பி.எச். என்பது சுவை; இருப்பு என்பது பண்டத்தின் அளவு. நீரிலும் இவ்விரண்டும் வெவ்வேறானவை. நீர் எவ்வளவு புளிப்பைத் தாங்கித் தன்னிலை மாறாது நிற்கும் என்னும் இருப்பையே அதன் காரத்தன்மை என்கிறோம். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மாதிரி எடுத்தல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானையிற் சோறு கொதித்துப் புரண்டு ஒரே பதத்தில் வெந்திருப்பதால் அம்மொழி மெய்யாயிற்று. வயல் கொதித்துப் புரண்டதன்று. ஓரிடத்தில் வாழைத்தண்டு அழுகியிருக்கும். ஓரிடத்தில் சாம்பல் கொட்டியிருக்கும். ஓரிடத்தில் சென்ற போகத்துப் பசளை சிந்தியிருக்கும். ஆதலால் வயலுக்கு ஒரு பிடி மண் பதமாகாது. சோதனைப் பிழைகளிற் பெரும்பாலானவை கண்ணாடிக் குழாயில் நேர்வன அல்ல. மண்வெட்டியின் முனையில் நேர்வனவே.

முதலில் நிலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மேடு ஒன்று, சரிவு ஒன்று, பள்ளம் ஒன்று என மூன்று மாதிரிகள் எடுத்தல் நன்று. நிறம் மாறும் இடத்திலும், சென்ற போகத்தில் வேறு பயிர் நின்ற இடத்திலும் தனி மாதிரி வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் வளைந்து வளைந்து நடந்து, பத்து முதல் பதினைந்து இடங்களில் மண்ணெடுக்க வேண்டும். வரப்பு, மரநிழல், எருக்குவியல், அடுப்புச் சாம்பல் கொட்டிய இடம், அண்மையிற் சுண்ணாம்போ பசளையோ இட்ட இடம் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள்.

மேற்பரப்பிலுள்ள புல்லையும் சருகையும் அகற்றி, கூம்பு வடிவில் 15 சென்ரிமீற்றர், அதாவது 6 அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பில் ஒரு சீவல் எடுங்கள். மேல் மண்ணை மட்டும் வழித்தெடுத்தலாகாது. எல்லா இடத்து மண்ணையும் தூய வாளியிலிட்டுக் கட்டிகளை உடைத்து நன்கு கலந்து, சாக்கின்மேல் வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்குகளை நீக்குங்கள். அரைக் கிலோ எஞ்சும்வரை இவ்வாறு செய்யுங்கள். பசளை வந்த பையிலோ, சுண்ணாம்பு வைத்த வாளியிலோ மண்ணை இடுதல் கூடாது. துருப்பிடித்த தகரமும் ஆகாது. மாதிரியை நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலோ அடுப்பின்மேலோ உலர்த்த வேண்டாம்.

2003ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017ஆம் ஆண்டு மே மாதத்திலும் இம்மாவட்டத்தில் நேர்ந்த பெருவெள்ளங்களை அறிவீர்கள். வெள்ளம் புதிய வண்டலைப் படியவிட்டுச் சென்ற நிலத்துக்குப் பழைய சோதனை எண் பொருந்தாது. வெள்ளம் வடிந்தபின் புதிதாகவே அளத்தல் வேண்டும்.

நெல்வயலில் ஒரு தனிக் கவனம்

நெல் செய்வோர் இதனைக் கூர்ந்து கேட்டல் வேண்டும். காய்ந்த வயலில் 5 காட்டிய மண், நீர் கட்டிய சில வாரங்களில் 6.5 அளவுக்கு உயரக்கூடும். நீர் தேங்கிய மண்ணிற் காற்று புகாமையால் நிகழும் மாற்றம் இது. நீரை வடித்து உலர்த்தினால் மண் தன் பழைய புளிப்புக்குத் திரும்பும். ஆகவே ஒருவர் நீர் கட்டிய வயலிலும், மற்றொருவர் உலர்ந்த வயலிலும் மண்ணெடுத்து, "உன் எண் பொய், என் எண் மெய்" என்று வாதிடுதல் வீண். இருவர் எண்ணும் மெய்யே, காலம் வேறு. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையே வயல் உலர்ந்திருக்கும் நாளில், ஆண்டுதோறும் அதே மாதத்தில் மாதிரி எடுத்தால், ஓராண்டின் எண்ணை மற்றோராண்டின் எண்ணோடு ஒப்பிடலாம்.

மலையடிவார வயல்களில் மேட்டிலிருந்து ஊறும் நீரோடு இரும்பும் இறங்கும். வாய்க்காலில் எண்ணெய்ப் படலம்போல மின்னுவதும், செந்நிறப் படிவு காண்பதும், நெல்லிலையில் செம்புப் புள்ளிகள் தோன்றிப் பரவுவதும் இரும்பு நஞ்சின் அறிகுறிகள். இங்கே மண்ணின் எண்ணை மட்டும் நம்பியிராது, மேட்டோரத்தில் வடிகால் வெட்டி ஊற்று நீரைத் திருப்பிவிடுதல் வேண்டும். களுத்துறை மாவட்டத்துப் பொம்புவல நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய ஈரவலய நிலங்களுக்கென உருவாக்கப்பட்ட, பிடபிள்யூ எனத் தொடங்கும் பெயருடைய நெல்வகைகளைப் பற்றியும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

சோதிக்கும் போது

முதலாவது, நீர். மண்ணைக் கரைக்கும் நீர் தானே புளிப்பாகவோ காரமாகவோ இருக்குமாயின் முடிவு எவ்வாறு மெய்யாகும்? காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். மழைநீர் தூயதெனினும், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொள்வதால் ஏறக்குறைய 5.6 என்னும் எண்ணைக் காட்டும். வாகன மின்கலத்துக்கு ஊற்றும் வடிநீரை வாங்குவோர், அது நீர்தானா, அமிலமன்றா என்பதைப் போத்தலின் மேற்சீட்டில் வாசித்தே வாங்குதல் வேண்டும்.

இரண்டாவது, அளவு. 10 கிராம் மண்ணுக்கு 25 மில்லிலீற்றர் நீர் என்பது வழக்கிலுள்ள விகிதம். ஒருநாள் குழம்பாகவும் மறுநாள் இரசமாகவும் கரைத்தால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது. நன்கு கலக்கி அரைமணி நேரம் வைத்து, மீண்டும் கலக்கிய பின்னரே வாசித்தல் வேண்டும். சில ஆய்வுகூடங்களில் வெறும் நீருக்குப் பதிலாக ஐதான உப்புக் கரைசலிற் கரைப்பர். அம்முறையில் எண் ஏறக்குறைய அரையளவோ அதற்கு மேலோ குறைந்து வரும். ஆகவே சோதனைத் தாள் கையிற் கிடைத்ததும், "நீரிலா, உப்புக் கரைசலிலா?" என்று கேட்டறியுங்கள்.

மூன்றாவது, நிறம். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தாற் சிவந்து ஆலத்தியாவதை நம் பெண்மணிகள் அறிவர். நிறத்தாற் காரத்தை அறியும் சோதனை அதுவே. ஆயின் மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டும். புளிப்பு மண்ணை அளக்க அது உதவாது. அதற்கெனச் செய்த காட்டித் திரவங்கள் உள்ளன. அவற்றின் காலாவதித் திகதியைப் பாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள். கலங்கல் நிறத்தை மறைக்குமாதலால், சோதனைப் பெட்டியில் தெளிய வைக்கும் வெண்பொடி தரப்பட்டிருப்பின் அதனை இடத் தவறாதீர்கள்.

இங்கே குருவிட்டவில் இரத்தினக்கல் வணிகம் அறியாதார் யார்? கல்லை விளக்கொளியில் ஒருமுறை பார்த்து விலை கூறும் வணிகர் உண்டா? பகலொளியிற் பார்ப்பார்; திருப்பிப் பார்ப்பார்; இன்னொருவரிடமும் காட்டுவார். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். நேர்வெயில் படாத பகலொளியில், வெண்தாளைப் பின்னே பிடித்து, நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். இருவர் தனித்தனியே பார்த்து, ஒருவர்க்கொருவர் சொல்லாமல் எழுதி, பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்களிற் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபாடின்றித் தெரிவதுண்டு. அத்தகையோர் தம்மை அறிந்து, நிறம் பார்க்கும் வேலையைப் பிறரிடம் விடுதல் நன்று.

நான்காவது, கருவி. எண் காட்டும் மின்கருவி வைத்திருப்போர், அது காட்டும் எண்ணை அப்படியே நம்புதல் ஆகாது. அளவுகோலையே முதலில் அளத்தல் வேண்டும். 4, 7 என்னும் எண்களுக்கெனச் செய்த தாங்கற் கரைசல்கள் பொதிகளிற் கிடைக்கும். நம் மண் பெரும்பாலும் இவ்விரு எண்களுக்கும் இடையே இருப்பதால், அன்றன்று இவ்விரண்டிலும் கருவியைத் தோய்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்திய கரைசலை மீண்டும் போத்தலில் ஊற்றாதீர்கள். கருவியின் கண்ணாடி முனையைத் துணியால் தேய்க்காமல், வடிநீராற் கழுவி, மெல்ல ஒற்றி எடுங்கள். அம்முனையை உலரவிடவும் கூடாது. வடிநீரில் ஊறவிடவும் கூடாது. அதற்குரிய பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வைத்திருங்கள். எண் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதாமல், நிலைத்த பின்னரே எழுதுங்கள். மண்ணில் நேரே குத்திப் பார்க்கும் மலிவான முள் கருவிகள், ஈரத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப வெவ்வேறு எண் காட்டுவன. அவற்றை நம்பிச் சுண்ணாம்பு வாங்க வேண்டாம்.

ஒரே மாதிரியை இருமுறை சோதியுங்கள். இரண்டு எண்களும் 0.2க்குள் ஒத்துவரின் ஏற்றுக்கொள்ளலாம். ஒவ்வாவிடின் மூன்றாம் முறை பார்ப்பதற்குச் சோம்பற்படாதீர்கள்.

நீரின் காரத்தன்மை

இனி நீரைப் பற்றி. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தாற் கேத்தலின் உள்ளே வெண்படை படியும். அந்நீரின் காரத்தன்மை மிகுதி. நம் மலைப்பகுதி நீரோ சுண்ணாம்பு குறைந்த கடும்பாறைகளினூடே வருவதால் காரத்தன்மை குறைந்தது. அத்தகைய நீர் சிறிது புளிப்பைச் சேர்த்தாலும் உடனே நிலைமாறும். மருந்து கலக்கும் நீருக்கும், நாற்றுமேடைக்கு ஊற்றும் நீருக்கும், வீட்டில் மீன் வளர்க்கும் தொட்டிக்கும் இதனை அறிந்திருத்தல் பயன் தரும். மீன் குளத்து நீரின் காரத்தன்மை, கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு, லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைந்தாற் சுண்ணாம்பு இடுவர்.

இச்சோதனையிற் பெருங்கவனம் செலுத்துவோர், கடல்நீர்த் தொட்டியிற் பவளம் வளர்ப்போர் ஆவர். தென்மேற்குக் கரையில் ஒருகாலத்தில் பவளப்பாறையை உடைத்துச் சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பு செய்தனர். அதனாற் கரை அரிக்கப்படவே, பவளம் அகழ்தல் சட்டத்தாற் தடுக்கப்பட்டது. உயிருள்ள பவளம் கடல்நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்தே தன் கல்லைக் கட்டுகிறது. கடல்நீரின் காரத்தன்மை, அதே கணக்கில், லீற்றருக்கு ஏறக்குறைய 115 மில்லிகிராம். சிறிய தொட்டியில் பவளம் இதனை நாள்தோறும் குறைத்துக்கொண்டே இருக்கும். குறைந்ததை அளந்து இட வேண்டும். அளவிற் பிழைத்தாற் பவளம் மடியும். ஆதலால் அவர்கள் நாள்தோறும் ஒரே நேரத்தில் சோதிப்பர். ஐயம் தோன்றினால் நீரில் மருந்தை மாற்றுமுன் சோதனைப் பெட்டியையே சோதிப்பர். அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

சோதனை எளியது. அளந்த நீரில் காட்டித் திரவத்தை இட்டு, ஐதான அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறும்வரை துளிகளை எண்ணுதல் வேண்டும். மெதயில் செம்மஞ்சள் என்னும் காட்டியாயின், மஞ்சள் நிறம் முதன்முதலிற் செம்மஞ்சளாகத் திரும்பும் அத்துளியே எல்லை. முழுச் சிவப்பாகும்வரை காத்திருந்தால் எல்லையைக் கடந்துவிட்டோம் என்பது பொருள். துளிப் போத்தலைச் செங்குத்தாகப் பிடியுங்கள்; சாய்த்துப் பிடித்தால் துளியின் பருமன் மாறும். ஊசிக்குழலாயின் உள்ளே காற்றுக் குமிழி இல்லாமற் பாருங்கள். ஒவ்வொரு துளிக்குப் பின்னும் சுழற்றிக் கலக்குங்கள்.

நம் பகுதி நீருக்கு ஒரு தனி நுணுக்கம் உண்டு. ஒரு துளி 10 மில்லிகிராமைக் குறிக்கும் பெட்டியில், 15 மில்லிகிராம் உள்ள நீரைச் சோதித்தால் இரண்டாந் துளியிலேயே நிறம் மாறிவிடும். ஒரு துளிப் பிழையே பாதி முடிவாகும். ஆகவே நீரை நான்கு மடங்காக எடுத்து, வந்த துளி எண்ணிக்கையை நான்காற் பிரியுங்கள். பிழையும் நான்கிலொன்றாகக் குறையும். காட்டித் திரவத்தையும் அதற்கேற்ப மிகுவித்தல் வேண்டும்.

சோதனைப் பெட்டி மெய் சொல்கிறதா என்று அறிவது எப்படி? அப்பச்சோடாவை 1.68 கிராம் நிறுத்து, ஒரு லீற்றர் வடிநீரிற் கரையுங்கள். அக்கரைசலில் 100 மில்லிலீற்றர் எடுத்து, மேலும் வடிநீர் சேர்த்து ஒரு லீற்றராக்குங்கள். இந்நீரின் காரத்தன்மை லீற்றருக்கு 100 மில்லிகிராம் ஆகும். இதனை உங்கள் பெட்டியாற் சோதியுங்கள். 100க்கு அண்மையில் வந்தாற் பெட்டி நம்பத்தக்கது; 130 என்றோ 70 என்றோ வந்தால் பெட்டி பழுது, அல்லது எண்ணும் கை பழுது. 1.68 கிராமை எங்கே நிறுப்பது என்று மலைக்க வேண்டாம். ஒரு கரட் என்பது 0.2 கிராம். இரத்தினக்கல் வணிகர் எவரிடமேனும் 8.4 கரட் அப்பச்சோடா நிறுத்துத் தரக் கேளுங்கள். சிரித்துக்கொண்டேனும் நிறுத்துத் தருவார். ஆயின் அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பேக்கிங் பவுடரில் புளிப்புப் பொருளும் மாவும் கலந்திருக்கும்; அது இதற்கு உதவாது.

கிணற்றில் அள்ளிய நீரைத் திறந்து வைத்தாற் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறி, பி.எச். எண் உயரும். ஆகவே பி.எச். எண்ணைக் கிணற்றடியிலேயே பாருங்கள். காரத்தன்மை அவ்வாறு மாறாது. போத்தலை நிரப்பி மூடிக் கொண்டுவந்து அன்றே சோதித்தாற் போதும்.

எண் கிடைத்தபின்

நம்பத்தக்க எண் கிடைத்தபின்னரே டொலமைற்றைப் பற்றி எண்ண வேண்டும். எவ்வளவு இடுவது என்பது மண்ணின் வகையையும் பயிரையும் பொறுத்ததாதலால், எண்ணோடு மண்ணின் தன்மையையும் கூறிப் போதனாசிரியரிடம் அளவைப் பெற்றுக்கொள்ளுங்கள். நுண்ணிய தூளாக இருப்பதையே வாங்குங்கள். பரல் மெதுவாகவே கரையும். நடுவதற்குச் சில வாரங்கள் முன்னரே இட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். யூரியாவோடு சேர்த்து இடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். மிகுதியாக இட்டால் நாகம், இரும்பு, போரன் முதலிய நுண்சத்துகள் பயிருக்குக் கிட்டாமற் போகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ? தேயிலைச் செடியின் அடியிலே மரக்கறிக்குரிய அளவை வாரி இறைத்தலும் கூடாது.

முதலாண்டில் ஒரு பாத்திக்கு இட்டு, பக்கத்துப் பாத்திக்கு இடாமல் விட்டுப் பாருங்கள். எண் சொன்னதைப் பயிரும் சொல்கிறதா என்று அப்போது தெளியும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. ஒரு பிடி மண் வயலாகாது. பத்து முதல் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து சோதியுங்கள்.

2. சாம்பல், எரு, பசளை, வரப்பு, மரநிழல் உள்ள இடங்களை நீக்குங்கள்.

3. நெல்வயலில் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், வயல் உலர்ந்திருக்கும் நாளில் மண்ணெடுங்கள்.

4. வடிநீர், தூய பாத்திரம், பகலொளி ஆகிய மூன்றும் இன்றிச் சோதிக்காதீர்கள்.

5. மண்ணைச் சோதிக்குமுன் கருவியையும் பெட்டியையும் தெரிந்த கரைசலாற் சோதியுங்கள்.

6. இருமுறை பாருங்கள், திகதி, இடம், மழை, நீர், பார்த்தவர் பெயர் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

பெருமக்களே, அந்த முதியவரின் பாத்திக்கு மறுபோகத்தில் அளந்து டொலமைற்று இட்டோம். பயிற்றை பந்தலேறிக் காய்த்தது. தோட்டை அவர் மீட்டுவிட்டார். ஆயின் இழந்த ஒரு போகத்தை எவராலும் மீட்டுத் தர முடியவில்லை. அவர் நிலத்தில் ஒரு போகத்தைக் கெடுத்தது மண்ணன்று; சரிபார்க்காத ஓர் எண். உங்கள் நிலத்துக்கு அந்நிலை நேராதிருக்க வேண்டுமாயின், யார் வந்து எந்த எண்ணைச் சொன்னாலும், நானே வந்து சொன்னாலும், "மண்ணைப் பார்த்தீர்களா, சாம்பலைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவாகாது. கேட்கும் உரிமை உங்களுடையது. தக்க விடை கூறும் கடமை எங்களுடையது.